பொழுது சாயுமுன் போய்ச் சேருங்கள்: நமீபியா போகிறவர்களுக்கு

(பயண ஆர்வலர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமீபியா போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சிங்கம் பார்க்கலாமா, மணல்மேடு ஏறலாமா, எவ்வளவு ஆகும் என்பதைத்தான். எல்லாவற்றையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் பயணத் திட்டத்தைக் கிலோமீட்டரை வைத்துப் போடக் கூடாது, பகல் வெளிச்சத்தை வைத்துப் போட வேண்டும். இன்றைக்கு நான் பேசப்போவதில் பெரும்பகுதி இந்த ஒன்றிலிருந்து கிளைப்பதுதான்.

ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். தலைநகர் விண்ட்ஹுக்கில் சூரியன் உதிக்கக் காலை 7.30 மணி ஆகிவிடும். மாலை 6.15-க்கெல்லாம் அடைந்துவிடும். முழுதாக 11 மணி நேரம்கூட வெளிச்சம் இல்லை. இருட்டிய பின் ஊருக்கு வெளியே வண்டி ஓட்டவே கூடாது. சாலை விளக்கு கிடையாது. 'கூடூ' என்று ஒரு பெரிய மான், முறுக்கிய கொம்போடு, ஆண் 200 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். வண்டி விளக்கைக் கண்டால் மிரண்டு சாலைக்கே பாயும். வாடகை வண்டி நிறுவனங்கள் பலவும் இரவில் ஊருக்கு வெளியே நடந்த விபத்துக்கு இன்ஷூரன்ஸ் செல்லாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கின்றன. தேசியப் பூங்காக்களின் வாயிற்கதவுகளும் சூரியன் உதிக்கும்போது திறந்து, மறையும்போது மூடுபவை. நேரம் கடந்து போனால் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான்.

நாட்டின் அளவைச் சொல்லிவிடுகிறேன். பரப்பு 8 லட்சத்து 24 ஆயிரம் சதுர கிலோமீட்டர். 2023 கணக்கெடுப்பின்படி மக்கள் 30 லட்சத்துக்குச் சற்று மேல். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 4 பேர்கூட இல்லை. ஒரு பெட்ரோல் பங்க்குக்கும் அடுத்ததற்கும் நடுவே 200 கிலோமீட்டர் இருப்பது அங்கே சாதாரணம். அதனால் டேங்க் பாதி இருந்தாலும் பங்க்கைக் கண்டால் நிறுத்தி நிரப்பிவிடுங்கள். சிறிய ஊர்களில் கார்டு மெஷின் வேலை செய்யாமல் போகலாம், கையில் ரொக்கம் இருக்கட்டும்.

சாலைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் அந்த நாட்டில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஆபத்து பெரும்பாலும் சாலையில்தான் வருகிறது, சிங்கத்தால் அல்ல. நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். அதனால் நம்மவர்களுக்கு ஒரு பாரம் குறைவு. வரைபடத்தில் பி என்று தொடங்கும் எண் போட்டவை தார்ச் சாலைகள். சி, டி என்று இருப்பவை பெரும்பாலும் சரளைச் சாலைகள். அகலமாக, நேராக, எதிரே ஒரு வண்டிகூட இல்லாமல் கிடக்கும். கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும். அங்கேதான் கவனம் வேண்டும். சட்டம் அனுமதித்தாலும் சரளையில் 80-ஐத் தாண்டாதீர்கள். வளைவில் சட்டென்று பிரேக் அடித்தால், ஸ்டியரிங்கை வெட்டினால், வண்டி கல்லின் மேல் வழுக்கிப் பக்கவாட்டில் உருளும். எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்குங்கள். அது கிளப்பும் புழுதியில் சில விநாடிகள் எதுவும் தெரியாது, அது தெறிக்கும் கல் முன் கண்ணாடியில் விழும்.

டயரைப் பற்றிச் சொல்கிறேன். சரளையில் தார்ச் சாலைக்கு வைத்ததைவிடக் காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், ஆழமான மணலில் ஏறக்குறைய பாதியாக. எந்தச் சாலைக்கு எவ்வளவு என்று வண்டி கொடுக்கும் இடத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மணலைத் தாண்டியதும் மறுபடி காற்று பிடிக்க வேண்டும். அதற்குச் சின்ன கம்ப்ரஸர் ஒன்று கேட்டால் வண்டியோடு தருவார்கள். ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு கேளுங்கள். சாவியை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிடாமல், அந்த முற்றத்திலேயே இரண்டு ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கியை வெளியே எடுத்து ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். சக்கர ஸ்பேனர் நட்டில் சரியாகப் பொருந்துகிறதா, ஸ்டெப்னியைக் கழற்றும் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் போட ஒரு கனமான பலகைத் துண்டு கேளுங்கள், இல்லாவிட்டால் மணலில் ஜாக்கி கீழே இறங்குமே தவிர வண்டி மேலே ஏறாது. வண்டியின் ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை முதல் நாள் கணக்கில் சேர்த்தே திட்டம் போடுங்கள்.

இன்ஷூரன்ஸ் காகிதத்தில் சின்ன எழுத்தைப் படியுங்கள். டயர், முன் கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், மணற்புயலில் உரியும் பெயின்ட் ஆகியவை அடிப்படைத் திட்டத்தில் அடங்காமல் இருக்கலாம். வேறு வண்டி மோதாமல் உங்கள் வண்டி தானே உருண்டால் பணம் கிடையாது என்ற விதியும் பல இடங்களில் உண்டு. நான் முன்பு சொன்ன வளைவு உங்கள் நினைவில் இருக்கட்டும். நம் ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் இங்கேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எடுத்துக்கொண்டு போனால் எந்தத் தகராறும் இல்லை.

எந்த வழி போவது? முதல்முறை போகிறவர்களுக்கு என் யோசனை ஒரு வட்டம்தான். விண்ட்ஹுக்கிலிருந்து தென்மேற்கே செஸ்ரீம், அங்கிருந்து கடற்கரை ஊரான ஸ்வாகோப்முண்ட், பிறகு வடக்கே டமாராலாந்து, அதற்கப்பால் எட்டோஷா தேசியப் பூங்கா, மறுபடி விண்ட்ஹுக். இதற்கு இரண்டு வாரம் கொடுங்கள். தெற்கே ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கு இருக்கிறது. 160 கிலோமீட்டர் நீளம், ஆழம் சில இடங்களில் 550 மீட்டர். பார்க்க வேண்டிய இடம்தான். மணல் புகுந்த வீடுகள் நிற்கும் கோல்மான்ஸ்கோப் வைரச் சுரங்க ஊரும் தெற்கில்தான். ஆனால் வடக்கையும் தெற்கையும் ஒரே மூச்சில் பார்க்கக் கிளம்பினால் பகல் முழுவதும் வண்டிக்குள்ளேயே கழியும். தெற்கை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செஸ்ரீமில்தான் நமீப் பாலைவனத்தின் அந்தச் சிவந்த மணல்மேடுகளுக்கு வாசல். நமீப் மணற்கடலை யுனெஸ்கோ 2013-ல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. வாசலிலிருந்து, மணல்மேடுகளுக்கு நடுவே உள்ள சோசுஸ்ஃப்லையை நோக்கி 60 கிலோமீட்டர் தார்ச் சாலை, கடைசி 5 கிலோமீட்டர் அளவுக்கு ஆழ்ந்த மணல். அந்தக் கடைசிப் பகுதிக்கு ஃபோர்-வீல் டிரைவ் வேண்டும், அதில் பழக்கமும் வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு அங்கே ஓடும் பொதுவண்டியில் ஏறிக்கொள்ளலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை. பூங்காவுக்குள் இருக்கும் முகாமில் தங்கினால் மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் முன்னதாக, இருள் பிரியுமுன்பே, உள்ளே போக அனுமதி உண்டு. இந்த ஒரு மணி நேரத்துக்காகவே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து உள்ளே தங்குவது நல்லது. காலையில் மேட்டின் ஒரு பக்கம் செக்கச்சிவந்தும் மறுபக்கம் கருத்தும் இருக்கும், நடுவில் கத்திமுனை போல ஒரு கோடு. பத்து மணிக்கு மேல் நிழல் போய்விடும், மணல் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும். டெட்ஃப்லை என்ற வெண்களிமண் தரையில் நூற்றாண்டுகளுக்கு முன் பட்டுப்போன முள்மரங்கள் கருகி நிற்கின்றன. காற்றில் ஈரமே இல்லாததால் அவை இன்னும் மக்கவில்லை. தொடாதீர்கள், சாய்ந்து படம் எடுக்காதீர்கள்.

இங்கே ஒருமுறை கெட்டது எளிதில் சீராகாது என்பதால்தான் பாலைவனத்தில் சாலையை விட்டு இறங்கி வண்டி ஓட்டக் கூடாது என்று கடுமையாகச் சொல்கிறார்கள். கடற்கரையை ஒட்டிய சரளைவெளிகளில் தரையோடு தரையாகக் கல்லில் படிந்து லைக்கன் வளர்கிறது. மழையை நம்பாமல் கடலிலிருந்து வரும் மூடுபனியைக் குடித்தே உயிர்வாழ்வது அது. காலில் மிதிபட்டால் சருகு மாதிரி நொறுங்கும். ஒரு சக்கரத்தடம் விழுந்தால் பல பத்தாண்டுகளுக்கு அழியாது. பக்கத்திலேயே வெல்விட்சியா என்ற செடி இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் அதற்கு இரண்டே இலைகள்தான். அவைதான் வளர்ந்து, காற்றில் கிழிந்து, நார்நாராகக் கிடக்கும். ஆயிரம் ஆண்டு தாண்டிய செடிகள் உண்டு. இவ்வளவு மெதுவாக வாழும் ஓர் இடத்தில் நம்முடைய அவசரத்துக்காகக் குறுக்கு வழி எடுப்பது பெரிய கொடுமை. வேறு எதை மறந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

பாலைவனம்தானே, ஸ்வெட்டர் எதற்கு என்று எண்ணாதீர்கள். பெங்குவேலா என்ற குளிர்ந்த கடல் நீரோட்டம் அந்தக் கரையை ஒட்டி ஓடுகிறது. ஆண்டில் நூறு நாளுக்கு மேல் மூடுபனி. டிசம்பரில்கூட ஸ்வாகோப்முண்டில் காலையில் குளிரும். உள்நாட்டில் ஜூலை இரவுகளில் வெப்பம் உறைநிலையைத் தொடும், அதே நாள் மதியம் 25 டிகிரி இருக்கும். நவம்பர் தொடங்கிக் கோடையில் சில இடங்கள் 40-ஐத் தொடும். விலங்கு பார்க்கிறவர்கள் மே முதல் அக்டோபருக்குள் போக வேண்டும். மழை இல்லாத அந்த மாதங்களில் விலங்குகள் தண்ணீர்க் குட்டைகளைத் தேடித்தான் வந்தாக வேண்டும்.

எட்டோஷாவை 1907-ல் காப்பிடமாக அறிவித்தார்கள். இன்று 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், நடுவே பெரிய வெண்ணிற உப்புப் படுகை. உள்ளே 60 கிலோமீட்டர் வேகம்தான். குறித்த இடங்கள் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது. புதியவர்கள் குட்டையிலிருந்து குட்டைக்கு ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஒரே குட்டை பக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். வரிக்குதிரை வரும், ஓரிக்ஸ் மான் வரும், ஒட்டகச்சிவிங்கி முன்கால்களை அகட்டிக் குனியும். பொழுது சாய்ந்த பிறகு முகாமுக்குள்ளேயே பார்க்கலாம். ஒக்கக்வேயோ முகாமின் ஓரத்தில் ஒரு குட்டைக்கு இரவு முழுக்க விளக்குப் போட்டிருக்கிறார்கள். தாழ்ந்த கல்சுவருக்கு இப்பால் பெஞ்சுகள். கறுப்புக் காண்டாமிருகம் வந்த உடனே குடித்துவிடாது. விளக்கு எட்டாத விளிம்பில் நெடுநேரம் அசையாமல் நிற்கும். காது மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பும். பிறகு பத்து அடி வரும், மறுபடி நிற்கும். பெஞ்சில் யாராவது பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் போதும், திரும்பிப் போய்விடும். அதனால் தின்பண்டத்தை அறையிலேயே முடித்துவிட்டு, தடித்த போர்வையோடு வந்து உட்காருங்கள்.

எட்டோஷாவுக்கு வெளியே, டமாராலாந்தின் வறண்ட மலைகளில், வேலியே இல்லாமல் திரியும் கறுப்புக் காண்டாமிருகங்களும் பாலைவன யானைகளும் உண்டு. அவை இன்றைக்கு இருப்பதற்கு ஊர்மக்கள் ஒரு முக்கியக் காரணம். 1996-ல் வந்த சட்டத்தின்படி பொதுநிலத்தில் வாழும் சமூகங்கள் தங்கள் பகுதியின் காட்டுயிரைத் தாங்களே நிர்வகித்து வருமானம் பெறலாம். இப்படி 86 காப்பு அமைப்புகள் நாடு முழுவதும் இருக்கின்றன. உங்கள் பணம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்கலாம். விடுதி பிடிக்கும்போது அந்த ஊர்ச் சமூகத்துக்கு அதில் பங்கு உண்டா என்று கேளுங்கள். காண்டாமிருகத்தைப் பார்த்தால் இடக்குறிப்போடு படத்தை இணையத்தில் போடாதீர்கள். கொம்புக்காக வேட்டையாடுகிறவர்களும் இணையம் பார்க்கிறார்கள். நமீபியக் காட்டுயிரோடு இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு முதலில் வந்த 8 சிவிங்கிப்புலிகளும் நமீபியாவிலிருந்து வந்தவைதான்.

தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 முதல் 5 லிட்டர், அதற்கு மேல் வண்டியில் 20 லிட்டர் கேன் ஒன்று எப்போதும். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள், நிழலில் காத்திருங்கள். வறண்ட ஆற்றுப்படுகையில் கூடாரம் போடாதீர்கள், எங்கோ மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும். நகரங்களில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். விண்ட்ஹுக் 1968-லிருந்தே கழிவுநீரைச் சுத்திகரித்து நேரே குடிநீர்க் குழாயில் சேர்க்கிறது. உலகிலேயே முதலில் இதை நிரந்தர ஏற்பாடாகச் செய்த ஊர் அது. தயங்காமல் குடியுங்கள்.

சைவர்கள் கவலைப்பட்டுக் கேட்கிறார்கள். இறைச்சி அதிகம் உண்ணும் நாடுதான், விடுதிகளில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். விண்ட்ஹுக்கின் சூப்பர் மார்க்கெட்டுகளில் அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் கிடைக்கும். முதல் நாளே வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு, முகாமில் சமைக்கலாம். வடக்கே ஓவாம்போ மக்களின் முக்கிய உணவு மஹாங்கு. அது நம்முடைய கம்புதான், வேறெதுவும் இல்லை. கெட்டியாகக் களி கிண்டுகிறார்கள், புளிக்கவைத்து ஒஷிகுண்டு என்ற பானமும் செய்கிறார்கள். அசைவர்கள் ஒன்று நினைவில் வையுங்கள். கால்நடை நோய்த் தடுப்பு வேலி ஒன்று நாட்டைக் குறுக்கே பிரிக்கிறது, வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டுவரக் கூடாது.

வடக்கே, அதாவது காவாங்கோ, ஸம்பேசி பகுதிகளிலும் ஓரளவு எட்டோஷாவிலும் மலேரியா உண்டு, மழைக்காலத்தில் அதிகம். மருத்துவரிடம் மாத்திரை கேட்டுக்கொள்ளுங்கள். பயண இன்ஷூரன்ஸில் ஹெலிகாப்டர், விமான மீட்பு அடங்கியிருக்க வேண்டும். மின்சாரப் பிளக் பற்றி ஒரு நல்ல செய்தி. அங்கே புழங்கும் பெரிய மூன்று முள் சாக்கெட் நம் வீட்டு ஏ.சி., கீசருக்கான 15 ஆம்ப் சாக்கெட்தான்.

பணம் நமீபிய டாலர், தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமமாகக் கட்டிவைத்தது. ஒரு டாலர் நம் பணத்தில் ஏறத்தாழ 5 ரூபாய். ராண்ட் அங்கே செல்லும், நமீபிய டாலர் தென்னாப்பிரிக்காவில் பொதுவாகச் செல்லாது. மிச்சத்தை விமான நிலையத்துக்கு முன்பே செலவழித்துவிடுங்கள். செலவில் பெரும்பகுதி வண்டி, பெட்ரோல், தங்குமிடம். நான்கு பேர் ஒரே வண்டியில், கூரைக் கூடாரத்தில் தங்கிப் போனால் ஆளுக்குச் செலவு வெகுவாகக் குறையும். பெட்ரோல் போடுகிறவருக்கும் வண்டியைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் சில்லறை கொடுக்கும் வழக்கம் உண்டு. நகரத்தில் வண்டிக்குள் எதையும் கண்ணில் படும்படி வைக்காதீர்கள்.

யாரிடமும் வழி கேட்குமுன் வணக்கம் சொல்லி நலம் விசாரியுங்கள், அது அங்கே அடிப்படை மரியாதை. குனேனே பகுதியில் ஹிம்பா மக்களைப் பார்க்கப் போனால் அவர்கள் மொழி தெரிந்த வழிகாட்டியோடு போங்கள். மாவு, எண்ணெய், சர்க்கரை வாங்கிப் பெரியவர்களிடம் கொடுங்கள். படமெடுக்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். சாலையோரக் குழந்தைகளுக்கு மிட்டாயும் காசும் வீசுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

ஸ்வாகோப்முண்ட் அழகான ஊர், ஜெர்மானியக் கட்டடங்கள், கேக் கடைகள். ஆனால் ஜெர்மானிய ஆட்சி என்ன செய்தது என்று தெரிந்துகொண்டுதான் அங்கே நடக்க வேண்டும். 1904 அக்டோபரில் தளபதி லோதர் ஃபான் ட்ரோட்டா, ஹெரேரோ மக்களை ஒழித்துக்கட்ட ஆணையிட்டான். அவர்களை ஓமஹேக்கே பாலைவனத்துக்குள் துரத்தி, தண்ணீர் இருக்கும் இடங்களைப் படை காவல் காத்தது. தாகத்தால் கொன்றார்கள். நாமா மக்களுக்கும் அதே கதி. லூடரிட்ஸ் என்ற கடற்கரை ஊரில் ஷார்க் தீவின் வதைமுகாமில் ஏராளமானோர் மடிந்தார்கள். இது இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொண்டது 2021-ல்தான். ஸ்வாகோப்முண்ட் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், பெயர்ப்பலகை இல்லாத சின்னச் சின்ன மண்மேடுகளாக அந்த மக்களின் புதைகுழிகள் இருக்கின்றன. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஷார்க் தீவில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கூடாரம் போட இடம் கொடுத்து வந்திருக்கிறார்கள். தயவுசெய்து அங்கே தங்காதீர்கள். பிறகு தென்னாப்பிரிக்காவின் ஆட்சி, நிறவெறிச் சட்டங்கள், நீண்ட விடுதலைப் போராட்டம், 1990 மார்ச் 21-ல் சுதந்திரம். அந்த மாற்றத்தின்போது வந்த ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கியவர் இந்தியரான லெப்டினன்ட் ஜெனரல் திவான் பிரேம் சந்த். விடுதலைக்கு முன்பே 1986-ல் நமீபிய விடுதலைக்குப் போராடிய ஸ்வாப்போ இயக்கத்துக்கு டெல்லியில் தூதரகம் அமைக்க இடம் கொடுத்தோம். நீங்கள் இந்தியர் என்றால் வயதானவர்கள் சிலர் இதை உங்களுக்கு நினைவூட்டுவார்கள்.

கடைசியாக, எந்த வரிசையில் வேலையைத் தொடங்குவது? நேரடி விமானம் இல்லை, பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க் வழியாகத்தான் போக வேண்டும். ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருக்கும், அதற்குத் தென்னாப்பிரிக்க விசா தேவைப்படும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கிப் போனால் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். நமீபியாவுக்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். 2025-ல் விதிகள் மாறி இணையவழி விண்ணப்பம் வந்திருக்கிறது. டெல்லியில் உள்ள அவர்கள் தூதரகத்திடம் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை செஸ்ரீம், எட்டோஷா முகாம்களில் இடம் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். முதலில் அந்த இரண்டிலும் தேதி பிடியுங்கள். அந்தத் தேதிகளுக்கு ஏற்ப வண்டியும், அதற்குப் பிறகு விமானமும். விமானம் சாயங்காலம் போய்ச் சேருவதாக இருந்தால் அன்றைக்கு வண்டி எடுக்க வேண்டாம். விமான நிலையம் ஊரிலிருந்து 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டாக்ஸி பிடித்து விண்ட்ஹுக் போய்த் தூங்கிவிட்டு, மறுநாள் காலை வண்டியை வாங்குங்கள்.

வரைபடமும் வண்டி வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றின் பட்டியலும் மேசைமேல் இருக்கின்றன. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.